எங்கள் பிள்ளைகளின் பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் நீங்கள் போட்ட தீர்மானத்தைப் பற்றி எழுதுகிறேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இனி உடற்கல்விப் பாடவேளை கிடையாது, நூலகப் பாடவேளை கிடையாது, மன்றம் கிடையாது. அந்த நேரமெல்லாம் சிறப்பு வகுப்புக்கும் ஸ்லிப் டெஸ்ட்டுக்கும் போகும். இந்த வகுப்புப் பிள்ளைகள் எந்தப் போட்டிக்கும் வெளியே போகக் கூடாது. பொதுத்தேர்வு முடியும்வரை இதுதான் ஏற்பாடு. இதைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, யாரும் பதில் எழுத முடியாதபடி குழுவையும் பூட்டிவிட்டீர்கள். அங்கே எழுத வழியிருந்தால் இந்த மடல் பொதுவில் வந்திருக்காது.

என் மகள் இந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்து இங்கேதான். நான் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு துணி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும், நல்ல மார்க் வாங்க வேண்டும் என்ற ஆசை எந்த அம்மாவையும்விட எனக்குக் குறைவில்லை. அதனால் “படிப்பு வேண்டாம், விளையாட்டுதான் வேண்டும் என்கிறார்கள்” என்று இதைத் தள்ளிவிட வேண்டாம்.

முதலில் கோ-கோ அணிக்கு நடந்ததைச் சொல்கிறேன். குழு உறுப்பினர்களில் பலருக்கு இது முழுதாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

ஆகஸ்டில் நடந்த குறுவட்டப் போட்டியில் நம் பள்ளியின் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணி முதலிடம் பிடித்தது. இறுதி ஆட்டத்தில் எதிரணி ஒரு பெரிய தனியார் பள்ளி. அவர்கள் சொந்தப் பேருந்தில், ஒரே நிற டிராக் சூட்டில், தனிப் பயிற்சியாளரோடு வந்திருந்தார்கள். நம் பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் போனார்கள். பாதிப் பேர் வெறுங்கால். அந்த ஆட்டோ காசையும் உடற்கல்வி ஆசிரியர்தான் தன் கையிலிருந்து கொடுத்தார். இருந்தும் ஜெயித்தார்கள். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பன்னிரண்டு பேரையும் மேடைக்கு அழைத்துக் கைதட்ட வைத்தீர்கள். கோப்பையோடு நீங்கள் நிற்கும் படம் இன்னும் பள்ளி வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் இருக்கிறது.

அடுத்தது வருவாய் மாவட்டப் போட்டி. தீபாவளிக்கு முந்தைய வாரம். நுழைவுப் படிவத்தில் தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வேண்டும். நீங்கள் போடவில்லை. அணியில் ஆறு பேர் பத்தாம் வகுப்பு, தீர்மானப்படி அவர்கள் போக முடியாது, மற்றவர்களை வைத்து ஆடுங்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். கோ-கோவில் ஒன்பது பேர் களத்தில் இறங்க வேண்டும். மீதி இருந்தது ஆறு பேர். யார் எப்படி ஆடுவது? கடைசியில் நம் பள்ளி வரவில்லை என்று எழுதிக்கொண்டு, குறுவட்டத்தில் நம்மிடம் தோற்ற அந்தத் தனியார் பள்ளியை அனுப்பினார்கள்.

அன்று அந்த ஆறு பேரும் பள்ளியில் என்ன படித்தார்கள் என்று கேட்டேன். காலையில் சமூக அறிவியல் ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு ஸ்லிப் டெஸ்ட். மதியம் இரண்டு பாடவேளைக்கு ஆசிரியர் இல்லை. வகுப்புத் தலைவி பெயர் எழுதிக்கொண்டு நின்றாளாம், யார் பேசுகிறார்கள் என்று. மாவட்டப் போட்டியை விட்டுக்கொடுத்து அவர்களுக்குக் கிடைத்த படிப்பு இவ்வளவுதான்.

2023 ஜூனில் டெல்லி, போபால், குவாலியரில் நடந்த தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் போக முடியாமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வாய்ப்பு பறிபோனது என்று மாநிலமே கொந்தளித்தது. பள்ளிக் கல்வித் துறை அமைச்சரே வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. அங்கே தவறியது தகவலும் ஒருங்கிணைப்பும். இங்கே தகவல் வந்தது, தேதி தெரியும், பிள்ளைகள் தயார், படிவம் உங்கள் மேசையில் இருந்தது.

சரி, பத்தாம் வகுப்பு முக்கியமான வருடம், ரிசல்ட் குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்பார்கள் என்கிறீர்கள். அது உண்மை என்று எனக்கும் தெரியும். 2025 மார்ச் தேர்வில் மாநில அளவில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம். நம் பள்ளி அதற்குக் கீழே. தேர்ச்சி சதவீதத்தைத் தவிர வேறு எதையும் கேட்காத மேலதிகாரிகளின் கேள்வி உங்கள் தலையில் விழுகிறது என்பதும் புரிகிறது. ஆனால் ரிசல்ட் ஏன் குறைந்தது என்பதைக் குழு ஒருமுறையாவது உட்கார்ந்து பேசியதா?

நான் பேசிப் பார்த்தேன். போன வருடம் தேறாத பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் போனது கணக்கில். அதில் ஒருவர்கூட விளையாட்டு அணியில் இல்லை. இந்த வருடம் என்ன நிலைமை? கணக்குப் பட்டதாரி ஆசிரியர் ஜூனில் மாறுதலில் போனார். அந்த இடம் காலி. மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் ஒருவரை நியமித்தீர்கள், ஜூலைக் கடைசியில். மாதம் 15,000 ரூபாய் சம்பளம். நன்றாகவே நடத்தினார் என்று மகள் சொன்னாள். காலாண்டுத் தேர்வு வருவதற்குள் அவருக்கு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்தச் சம்பளத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வாடகை கொடுத்து யார் நிற்பார்கள்? அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை பத்தாம் வகுப்புக்கு நிலையான கணக்கு ஆசிரியர் இல்லை. ஆளாளுக்குப் பார்த்துக்கொள்கிறார்கள்.

மகளின் கணக்கு ஸ்லிப் டெஸ்ட் தாள்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். தேதி இருக்கிறது, கேள்வி எண் இருக்கிறது, விடை இருக்கிறது. சிவப்பு மை எங்கேயும் இல்லை. பென்சிலில் சின்னச் சின்ன டிக். யார் போட்டது என்று கேட்டால் பக்கத்துப் பிள்ளை. ஆசிரியர் பலகையில் விடை எழுதிவிடுவார், இவர்கள் தாளை மாற்றிக்கொண்டு திருத்துவார்கள். காரணிப்படுத்துவதில் ஒரே தவறை அடுத்தடுத்த நான்கு தாள்களில் இவள் செய்திருக்கிறாள். நான்கிலும் பென்சில் டிக் விழுந்திருக்கிறது, ஏனென்றால் திருத்திய பிள்ளையும் அதே தவறைத்தான் செய்திருக்கிறாள். பி.டி. பீரியடைப் பிடுங்கி நீங்கள் கொடுத்த கணக்குப் பாடம் இதுதான் சார்.

காய்ச்சல் ஒருவனுக்கு, கஷாயம் இன்னொருவனுக்கு என்கிற கதையாக இருக்கிறது. இல்லாதது கணக்கு ஆசிரியர். நீக்கியது விளையாட்டு.

இன்னொன்று. பதினோராம் வகுப்புக்கும் சேர்த்து ஏன் நிறுத்தினீர்கள்? பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 கல்வியாண்டு முதல் அரசே எடுத்துவிட்டது. மாநிலக் கல்விக் கொள்கை ஆகஸ்டில் வெளியானபோது தொலைக்காட்சியில் எல்லாரும் பார்த்தோம். பிள்ளைகளுக்கு ஒரு வருடமாவது மூச்சுவிட இடம் வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று என்றுதான் எங்களைப் போன்றவர்கள் புரிந்துகொண்டோம். அரசு ஒரு தேர்வை எடுத்தால் நாம் அந்த இடத்தில் ஒன்பது ஸ்லிப் டெஸ்ட்டை வைக்கிறோம். பழைய தீர்மானத்தை அப்படியே எடுத்து வருடத்தை மட்டும் மாற்றினீர்களோ என்றுகூடச் சந்தேகம் வருகிறது.

இப்போது மைதானத்துக்கு வருகிறேன். கூட்டம் தலைமை ஆசிரியர் அறையிலேயே முடிந்துவிடுவதால், உறுப்பினர்களில் எத்தனை பேர் மைதானத்தைச் சுற்றிப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

தெற்கு மூலையில் புது வகுப்பறைக் கட்டடம் முடிந்து வண்ணமும் அடித்தாகிவிட்டது. அது வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். மரத்தடியில் உட்கார்ந்த வகுப்புகள் உள்ளே போயின. ஆனால் ஒப்பந்ததாரரின் சாமான்கள் மட்டும் இன்னும் போகவில்லை. கைப்பந்துத் திடல் இருந்த இடத்தில் எம்-சாண்ட் குவியல். மழையில் கரைந்து பாதி மைதானத்துக்குச் சாம்பல் நிறத்தில் பரவியிருக்கிறது. சென்ட்ரிங் பலகைகள் ஆணியோடு கிடக்கின்றன. வெட்டிய கம்பித் துண்டுகள் மண்ணுக்குள்ளிருந்து முனை நீட்டிக்கொண்டிருக்கின்றன. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் காலில் குத்திக்கொண்டு ஊசி போட்டு வந்தான். லாரி உள்ளே வர வழி வேண்டும் என்று கோ-கோ கம்பம் இரண்டில் ஒன்றைப் பிடுங்கினார்கள். அது கழிப்பறைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது, அடியில் சிமெண்டுக் கட்டியோடு. ஆகஸ்டில் ஜெயித்த அணி ஒரு கம்பத்தை வைத்துக்கொண்டு, மறுமுனையில் ஒரு பிள்ளையைக் கம்பமாக நிற்க வைத்துத்தான் பயிற்சி எடுத்தது. நான் மிகைப்படுத்தவில்லை. ஒன்பதாம் வகுப்பில் போய்க் கேளுங்கள், கம்பமாக நின்ற பெண் யார் என்று சொல்வார்கள்.

மிச்ச இடத்தில் ஆசிரியர்களின் வண்டிகள். அதைப் பெரிதாகச் சொல்ல வரவில்லை, வேறு எங்கே நிறுத்துவார்கள்? ஆனால் மைதானத்தின் நடுவில் நிறுத்தாமல் மதில் ஓரமாக நிறுத்தலாம்.

இந்த ஊரில் விளையாட வேறு இடம் இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பதினைந்து வருடத்துக்கு முன் இங்கே காலி மனைகள் இருந்தன, ஏரிக்கரை இருந்தது. இப்போது மனையெல்லாம் அடுக்குமாடி. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்தபிறகு வாடகையும் நெரிசலும் இன்னும் ஏறிவிட்டன. புதிதாக வந்திருப்பது டர்ஃப் என்கிற செயற்கைப் புல் மைதானம். ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். அடுக்குமாடிப் பிள்ளைகளுக்குக் குடியிருப்புக்குள்ளேயே கோர்ட் இருக்கிறது. தனியார் பள்ளிகள் அகாடமி என்று தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு நீச்சல் வரைக்கும் சொல்லிக் கொடுக்கின்றன. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருப்பது இந்த ஒரு மைதானமும் வாரத்தில் இரண்டு பாடவேளையும். இரண்டும் சேர்த்தால் 80 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது. நாம் வாரத்துக்குக் கொடுத்ததே அவர்கள் கேட்பதில் ஒன்றரை நாள் அளவுகூட இல்லை. அதையும் எடுத்துவிட்டோம்.

பையன்களாவது ஞாயிற்றுக்கிழமை ரயில்வே ஓரமாக, சர்வீஸ் ரோட்டில் என்று எங்கேயாவது கிரிக்கெட் மட்டையோடு போய்விடுவார்கள். பெண் பிள்ளைகள்? பள்ளி மைதானம் இல்லையென்றால் அவர்களுக்கு ஓடுவதற்கென்று ஒரு இடமே கிடையாது. வீட்டில் விடமாட்டோம், நானும் விடமாட்டேன், தெருவின் நிலைமை அப்படி. பதினைந்து வயதில் விளையாட்டை நிறுத்தும் பெண் இருபது வயதில் திரும்ப ஆரம்பிப்பதை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. தேர்வு முடிந்ததும் ஆடட்டுமே என்று நீங்கள் சொல்வது பையன்களுக்கு வேண்டுமானால் பொருந்தும்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடிய கார்த்திகா சென்னை கண்ணகி நகர்ப் பெண். அதுவும் நம்மைப் போலப் புறநகர்தான். நகரத்துக்குள்ளிருந்து அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய் வைத்த இடம். அந்தச் செய்தியைப் படத்தோடு பெற்றோர் குழுவில் போட்டு “நம் மாணவிகளும் சாதிக்க வாழ்த்துகள்” என்று எழுதியவர் நம் தலைமை ஆசிரியர். அந்தப் பதிவுக்கு நேர் மேலே, போட்டிக்கு யாரும் போகக் கூடாது என்கிற உங்கள் தீர்மானம் இருந்தது. இரண்டையும் ஒன்றாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அவரிடம் அந்தத் திறமை இருப்பதை முதலில் கண்டுபிடித்தது அவருடைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். உடற்கல்விப் பாடவேளையே இல்லாத பள்ளியில் யார் எதைக் கண்டுபிடிப்பது?

எல்லாப் பிள்ளையும் தங்கம் வாங்கப்போவதில்லை, தெரியும். என் மகளும் வாங்கப்போவதில்லை. பலனே வேண்டுமென்றால் அதையும் சொல்கிறேன். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று தனியாக 500 இடங்கள் இருக்கின்றன. மாநில அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குக் குறுவட்டக் கோப்பை போதாது. மாவட்டம், மாநிலம் என்று மேலே ஏறிய சான்றிதழ் வேண்டும். படிவத்தில் நீங்கள் போடாத கையெழுத்து அந்த ஏணியின் இரண்டாவது படியை எடுத்துவிட்டது. வசதியுள்ள பிள்ளைக்கு வேறு ஏணிகள் உண்டு.

மன்றங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே புதிதாக நிறுத்துவதற்கு அதிகம் இல்லை. இலக்கிய மன்றம், வினாடி வினா, சிறார் திரைப்படம் எல்லாம் கால அட்டவணையில் இருக்கின்றன. நடந்ததோ இல்லையோ, எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் படம் ஏறிவிடுகிறது. கலைத் திருவிழாவுக்கு 2022லிருந்து வருடா வருடம் போவது அதே ஏழெட்டுப் பிள்ளைகள். மற்றவர்களுக்குத் தேர்வு எப்போது நடந்தது என்பதே தெரியாது. நூலகத்தில் நல்ல புத்தகங்கள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். பீரோ சாவி யாரிடம் என்று மூன்று ஆசிரியர்களைக் கேட்டால் மூன்று பதில் வருகிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது: தமிழாசிரியை வெள்ளிக்கிழமை மதியம் நடத்திவந்த பேச்சுப் பயிற்சி. நான்கு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளைகள் அதில் மைக் பிடித்தார்கள். இந்தத் தீர்மானத்தில் அதுவும் போய்விட்டது.

பெற்றோர்தான் கேட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. எந்தப் பெற்றோர்? கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோராக இருக்க வேண்டும். 2024இல் குழுவை மறுகட்டமைப்பு செய்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கூட்டம் நடப்பது வேலைநாளில் மதியம் மூன்று மணிக்கு. மெப்ஸிலும் மறைமலை நகரிலும் ஷிஃப்டில் நிற்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள் அந்த நேரத்துக்கு வர முடியுமா? அரை நாள் சம்பளம் போகும். வந்தவர்கள் சிலர், வராதவர்களுக்கு வருகைப் பதிவேடு வீட்டுக்கே வந்தது, கையெழுத்துக்கு. உறுப்பினர் ஒருவர் என்னிடம், தீர்மானத்தைப் படித்துப் பார்க்காமலேயே கையெழுத்து போட்டேன் என்று சொன்னார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. கேட்டால் அவரே சொல்வார்.

பிள்ளைகளின் ஒரு நாளையும் குழு தெரிந்துகொள்ள வேண்டும். என் மகள் காலை ஏழேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். எட்டேகாலுக்குச் சிறப்பு வகுப்பு. பல பிள்ளைகள் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறார்கள். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதியம் சத்துணவு. அதற்கப்புறம் மாலை ஐந்தரை வரை ஒன்றுமில்லை. முன்பு இடையில் பி.டி. பீரியட் வந்தால் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து முகம் கழுவி உட்காருவாள். இப்போது வீட்டுக்கு வந்ததும் பையைப் போட்டுவிட்டு சீருடையோடு தூங்கிவிடுகிறாள். எழுப்பி உட்கார வைத்தால் அரை மணி நேரம் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், படிப்பதில்லை. முன்பைவிட அதிக நேரம் படிக்கும் பிள்ளை முன்பைவிடக் குறைவாகப் படிக்கிறாள். தேர்வுக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. இந்த ஓட்டத்தில் மார்ச் வரும்போது இவர்களிடம் என்ன மிஞ்சும்?

உடற்கல்விப் பாடவேளையை மற்ற பாட ஆசிரியர்கள் கடன் வாங்க வேண்டாம் என்று உதயநிதி ஸ்டாலினே விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது மேடையில் கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் அதற்குக் கைதட்டிய வீடியோ எல்லார் கைபேசியிலும் வந்தது. நம் பள்ளியில் கடன் வாங்கவில்லை. மொத்தமாக எழுதி வாங்கிவிட்டார்கள்.

நம் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரையோ, பெண் பிள்ளைகளோடு போட்டிகளுக்குப் போகும் பகுதிநேர ஆசிரியையையோ நான் இதில் எதுவும் கேட்கவில்லை, அவர்களும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. இந்த மடலுக்காக அவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். 2012இலிருந்து பகுதிநேரமாகவே வைக்கப்பட்டிருப்பவர்களின் பாடு ஏற்கெனவே போதும்.

இனி நாங்கள் கேட்பது.

அந்தத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் ரத்து செய்யுங்கள். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வாரம் இரண்டு உடற்கல்விப் பாடவேளையும் ஒரு நூலகப் பாடவேளையும் பிப்ரவரிக் கடைசி வரையாவது நடக்க வேண்டும். அதில் வேறு பாடம் நடத்தக் கூடாது என்று எழுத்தில் வேண்டும். பதினோராம் வகுப்புக்கு எந்தக் குறைப்பும் கூடாது. தமிழாசிரியையின் வெள்ளிக்கிழமைப் பேச்சுப் பயிற்சியை அவர் விரும்பினால் திரும்பத் தொடங்க அனுமதியுங்கள்.

போட்டிக்குத் தகுதி பெற்ற எந்த மாணவரின் படிவத்திலும் கையெழுத்து மறுக்கக் கூடாது. படிப்பு காரணமாக ஒரு பிள்ளையை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று நினைத்தால், அந்தப் பிள்ளையின் பெற்றோரை அழைத்துப் பேசி, அவர்கள் ஒப்புதலோடு செய்யுங்கள். குடியரசு தினத் தடகளப் போட்டிகளில் நம் பிள்ளைகள் யாரெல்லாம் அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றிருக்கிறார்கள் என்ற பட்டியலை அறிவிப்புப் பலகையில் இந்த வாரமே ஒட்டுங்கள்.

கணக்கு ஆசிரியர் காலியிடத்துக்காக முதன்மைக் கல்வி அலுவலருக்கு எத்தனை கடிதம், எந்தத் தேதியில் போனது என்று சொல்லுங்கள். போகவில்லையென்றால் குழுவின் பெயரில் உடனே எழுதுங்கள், பெற்றோர் கையெழுத்து நான் வாங்கித் தருகிறேன். அதுவரை கணக்கு பட்டம் படித்த முன்னாள் மாணவர்கள் இரண்டு பேர் சனிக்கிழமை வந்து நடத்தத் தயாராக இருக்கிறார்கள். வைக்கும் ஸ்லிப் டெஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, வைப்பதை ஆசிரியர் திருத்திக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மேல்நிலைப் பள்ளிக்கு விளையாட்டு மானியமாக வருடத்துக்கு 25,000 ரூபாய் வரை உண்டு. ஒன்றிய அரசு நிதியை நிறுத்தி வைத்த தகராறு எங்களுக்கும் தெரியும். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் கணக்கைக் கூட்டத்தில் வையுங்கள். எவ்வளவு வந்தது, என்ன வாங்கினோம், பந்துகளும் வலைகளும் எங்கே இருக்கின்றன. பிள்ளைகளின் ஷேர் ஆட்டோ காசு இனி ஒரு ஆசிரியரின் சட்டைப் பையிலிருந்து போகக் கூடாது.

ஒப்பந்ததாரர் அரையாண்டுத் தேர்வுக்குள் மைதானத்தைக் காலி செய்ய எழுத்துப்பூர்வமாகக் கெடு கொடுங்கள். கம்பித் துண்டுகளை மட்டும் இந்த வாரமே அகற்றச் சொல்லுங்கள். கோ-கோ கம்பத்தைத் திரும்ப நடும் செலவை நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து ஏற்கிறோம். ஒரு கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை வரச் சம்மதித்திருக்கிறார், உங்கள் அனுமதிதான் வேண்டும். மாலைச் சிறப்பு வகுப்பு தொடர்ந்தால், நான்கு மணிக்கு ஒரு கை சுண்டலாவது கொடுங்கள். அதற்கும் ஊரில் ஆள் பிடிக்கலாம்.

கடைசியாக, அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தை மாலை ஆறரை மணிக்கு, அல்லது ஞாயிறு காலையில் வையுங்கள். உறுப்பினர் அல்லாத பெற்றோரும் உட்கார்ந்து கேட்க அனுமதியுங்கள். கூட்ட அறிவிப்பை மூன்று நாள் முன்பே வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பதில் எழுதும் வசதியைத் திறந்து வையுங்கள். இந்த மடலுக்கான பதிலை அந்தக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் சொல்லிப் பதிவேட்டில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். நவம்பர் முடிவதற்குள் கூட்டம் அறிவிக்கப்படாவிட்டால், இதே மடலைப் பெற்றோர் கையெழுத்துகளோடு முதன்மைக் கல்வி அலுவலரிடம் நேரில் கொடுப்போம்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் அம்மா